பாதிக்கு முடிப்பதா, முழுதாகக் கட்டுவதா: வசூல் ஏஜென்சியிடம் பேரம்

"இன்று மாலைக்குள் பாதியைக் கட்டிவிடுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்." வசூல் ஏஜென்சியின் போனில் இந்த வாசகம் வந்ததும் பலர் அங்கேயே தலையாட்டிவிடுகிறார்கள். தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

ஏஜென்சிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, கமிஷனுக்கு வசூலிப்பது. கடன் வங்கியின் பெயரிலேயே இருக்கும். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற எல்லையையும் வங்கிதான் போடும். வசூலாகும் தொகையில்தான் கமிஷன் என்பதால், அந்த எல்லையின் அடிமட்டத்தை ஏஜென்சிக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். இன்னொரு வகை, கடனையே விலைக்கு வாங்கிவிட்ட நிறுவனம். வாராக்கடன்களை மொத்தமாக, முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு வாங்கியிருப்பார்கள். நூறில் முப்பது வந்தாலும் அவர்களுக்கு லாபம் நிற்கலாம். ஆகவே இரண்டாம் வகையிடம் பேரத்துக்கு இடம் அதிகம். முதல் வகை என்றால், நேரே வங்கியிடம் ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது. "ஏஜென்சியிடமே பேசுங்கள்" என்று அனுப்பிவிட்டாலும் நஷ்டமில்லை. ஒப்புதல் கடிதம் எப்படியும் வங்கியிடமிருந்துதான் வர வேண்டும்.

இனி பணம் கட்டும் விதம். ஒரே தவணையில் தருகிறேன் என்றால் தள்ளுபடி கூடும். அதே செட்டில்மென்ட்டை, அதாவது குறைத்த தொகையில் கணக்கை முடிப்பதை, ஆறு தவணையாகப் பிரித்துக் கேட்டால் தள்ளுபடி சுருங்கும். நான்காவது தவணை தவறினால் பேசிய சலுகையே ரத்தாகி, கட்டிய மூன்றும் பழைய நிலுவையில் கழியும். கையில் மொத்தமாகப் பணமில்லாதவர் செட்டில்மென்ட்டுக்கு அவசரப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முழுத் தொகையையும் தவணையில் கட்டுவது செலவு கூடிய வழி. ஆனால் நாம் கடன்களைக் கட்டிய வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் அது 'முடிக்கப்பட்டது' என்று பதிவாகும். குறைத்துக் கட்டியது 'செட்டில்டு' என்று நிற்கும். அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுக்கடன் கேட்கப்போகிறவருக்கு இந்த ஒரு சொல், கிடைத்த தள்ளுபடியை விட விலை கூடியதாகிவிடலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டுகள் தவணை தவறி அறிக்கை சிதைந்து கிடப்பவருக்கோ, இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் செட்டில்மென்ட்டையே எடுக்கலாம்.

இடையில் நின்று பேசித் தருகிறோம் என்னும் நிறுவனங்களை நான் கடைசியில் வைப்பேன். "வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் சேமியுங்கள்" என்பதே பெரும்பாலும் அவர்கள் வழி. அந்த மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்கள் தொலைபேசி வழியே ஆள் பிடித்து, வேலை முடியுமுன் கட்டணம் வாங்குவதை 2010-இல் தடை செய்யவேண்டி வந்தது.

காலவரையறை முடியட்டும் என்று பேசாமல் இருப்பவர்களும் உண்டு. அடமானமில்லாத சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டுகள், இங்கிலாந்தில் 6 ஆண்டுகள். ஆனால் அதற்குள் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுவிட்டால் காத்திருந்தது வீண். "நல்லெண்ணத்துக்குச் சிறு தொகையாவது கட்டுங்கள்" என்ற பேச்சுக்கு இணங்கிக் கெடுவுக்குள் எழுத்துப் பதிவோடு கட்டினாலும் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும்.

எந்த வழியானாலும், கடிதம் பணத்துக்கு முன்னால் வர வேண்டும். இரண்டு வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "தாங்கள் செலுத்திய தொகை கணக்கில் வரவு வைக்கப்படும்." "இத்தொகையை இக்கணக்கின் முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்கிறோம்; மீதித் தொகையைக் கோரமாட்டோம்." முதல் வாசகம் வெறும் ரசீது. அதை நம்பிப் பாதியைக் கட்டியவரிடம், மீதிப் பாதியைக் கேட்டு ஆறு மாதம் கழித்து வேறொரு ஏஜென்சி போன் செய்யலாம். அப்போது காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது. இரண்டாவது வாசகம், கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, கடனுக்கு உரியவரின் கையெழுத்து ஆகியவை ஒரே தாளில் இருந்தால்தான் பணம் நகர வேண்டும். அதுவும் கடனுக்கு உரிய நிறுவனத்தின் கணக்குக்கு. போனில் பேசியவரின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் அல்ல.

கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து, பாக்கித் தொகை பூஜ்யமாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் நகலோடு திருத்தம் கோரி எழுதுங்கள்; மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.