மடிப்பு வைத்த கம்பளித் தொப்பி: பக்கவாட்டில் பின்னுவதா, உச்சியிலிருந்து இறங்குவதா?

குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலில், குளிர்காலத் தொப்பி போட உட்கார்ந்தால் பெரும்பாலானோருக்கு முதலில் கை வருவது உச்சியிலிருந்து இறங்கும் முறை. நடுவில் ஒரு வளையம், சுற்றுக்குச் சுற்று கண்ணி கூட்டல், தலை அகலம் வந்ததும் நேர் இறக்கம், கடைசியில் ரிப், அதாவது மேடும் பள்ளமுமாக இழுபடும் விளிம்பு. இன்னொரு முறையில் தொப்பியை ஒரு செவ்வகமாகப் பக்கவாட்டில் பின்னி, இரு ஓரங்களையும் இணைத்துக் குழாயாக்கி, மேல் வாயைச் சுருக்கிக் கட்டுகிறோம். விளிம்பை மடிக்காமல் அணியும் தொப்பிக்கு எது வேண்டுமானாலும் போடலாம். மடிப்பு வேண்டும் என்றால் என் ஓட்டு பக்கவாட்டுப் பின்னலுக்கே.

கீழே வரும் கண்ணிப் பெயர்கள் அமெரிக்க முறைப்படி. இங்கே ஹாஃப் டபுள் என்பது பிரிட்டிஷ் குறிப்புகளில் ஹாஃப் ட்ரெபிள். இங்கே சிங்கிள், அங்கே டபுள். குட்டையிலிருந்து உயரமாக வரிசைப்படுத்தினால் ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள். நூல், உறையில் 4 என்று எண் போட்ட நடுத்தரத் தடிமன், அதாவது 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் வருவது. 'பிளை' (புரி) கணக்கை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மீட்டரைப் பாருங்கள். ஊசி 5 மி.மீ.

எளிதில் தெரிகிற வேறுபாடுகளை முதலில் முடித்துவிடலாம். உச்சியிலிருந்து இறங்கினால் இணைப்புத் தையல் கிடையாது, உச்சி தட்டையாக அழகாக அமையும், நீளத்தைத் தலையில் வைத்துப் பார்த்துக் கூட்டலாம் குறைக்கலாம். பக்கவாட்டில் போட்டால் கண்ணி கூட்டும் கணக்கே இல்லை, ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் போட்டால் போதும். ஆனால் உயரத்தை முதல் சங்கிலியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இவை எதுவும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது ஒன்றுதான்: சில வாரம் அணிந்து, ஒருமுறை துவைத்த பிறகும் மடிப்பு நெற்றியைப் பிடித்து நிற்கிறதா, தொளதொளத்துக் கண்ணில் இறங்குகிறதா?

குரோஷா கண்ணி ஒவ்வொன்றின் தலையிலும் V வடிவில் இரண்டு இழைகள் படுத்திருக்கும். வரிசை நெடுக இந்த V-க்கள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டு போகும். உச்சியிலிருந்து சுற்றிப் பின்னும்போது அந்தச் சங்கிலி தலையைச் சுற்றியே ஓடுகிறது. இறுக்கமாகப் பின்னியிருந்தால் தொப்பி நீளாது, போடும்போதே நெற்றியில் தழும்பு விழும். தளர்வாகப் பின்னியிருந்தால் நீளும், நீண்ட பிறகு அதை உள்ளே இழுக்க எதுவும் இல்லை. முன் போஸ்ட், பின் போஸ்ட் என்று தண்டைச் சுற்றிப் போடும் டபுள் கண்ணிகள் பார்வைக்கு இரட்டை ஊசிப் பின்னலில் வரும் ரிப் போலவே பள்ளமும் மேடுமாக இருக்கும், கொஞ்சம் இழுபடவும் செய்யும். ஆனால் திரும்பிச் சுருங்கும் வலு அதற்குக் குறைவு.

பக்கவாட்டில் பின்னும்போது அந்த V சங்கிலி தொப்பியின் உயரவாக்கில், காதிலிருந்து உச்சிக்கு ஓடுகிறது. சுற்றளவை அது கட்டுப்படுத்துவதில்லை. பின் இழையில் மட்டும் ஊசியை விட்டுப் பின்னுவதால், விடுபட்ட முன் இழை ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மேடாக நிற்க, துணி ஆர்மோனியத் துருத்திபோல் மடிந்து மடிந்து உட்காரும். தலையில் மாட்டும்போது இந்தத் துருத்தி மடிப்புகள் விரியும், கழற்றினால் மறுபடி கூடும். நூலே நீள வேண்டிய அவசியம் இல்லாததால் இதற்குச் சீக்கிரம் சோர்வு வராது.

மடிப்பில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மடித்ததும் வெளி அடுக்கு உள் அடுக்கின் மேல் சுற்றி உட்கார வேண்டும். துணி 4 மி.மீ. தடிமன் என்றால் வெளி அடுக்குக்குச் சுற்றளவில் ஏறக்குறைய 2.5 செ.மீ. கூடுதல் தேவை. உச்சியிலிருந்து இறங்கிய தொப்பியில் அந்த வெளி ஓரத்தில் வருவது கடைசிச் சுற்று. கீழிருந்து தொடங்கியிருந்தால் முதல் சங்கிலி. இரண்டுமே தொப்பியில் மிகவும் விறைப்பான இடங்கள். நீள வேண்டிய இடத்தில் நீளாத ஓரம் மாட்டிக்கொள்வதால், மடிப்பு ஒன்று மேல்நோக்கிச் சுருண்டு இறுகும், அல்லது தானாகவே அவிழ்ந்து கீழே விழும். கடைசிச் சுற்றை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியில் போட்டால் ஓரளவு சரியாகும். கீழிருந்து தொடங்குபவர்கள் சங்கிலியே இல்லாமல் கண்ணியும் அடியும் சேர்ந்து உருவாகும் முறையில் முதல் வரிசை போடலாம். பக்கவாட்டுப் பின்னலில் இந்தச் சிக்கலே எழாது; அங்கே ஓரம் என்பது வரிசைகளின் முனைகள் மட்டும்தான், அவையும் துணியோடு சேர்ந்தே விரியும்.

இனி அளவு. பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ. தொப்பி அதைவிட 5 முதல் 8 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். 56 செ.மீ. தலைக்கு 49 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு 7 செ.மீ., அணியும் உயரம் 22 செ.மீ., ஆக மொத்த உயரம் 29. பின் இழையில் போடும் ஹாஃப் டபுள் இந்த நூலில் 10 செ.மீ.க்கு 14 கண்ணி, 10 வரிசை அளவில் வரும் (கைக்குக் கை மாறும், மாதிரித் துண்டு போட்டே தீர வேண்டும்). எனவே 40 கண்ணி, 48 அல்லது 50 வரிசை. சம எண்ணில் முடித்தால் இணைக்கும்போது மேடு பள்ளம் ஒழுங்காக வரும்.

41 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்குங்கள். முதல் வரிசையில் சங்கிலியின் முதுகுப் பக்கம் தெரியும் புடைப்பில் ஊசியை விடுங்கள். முன்பக்க V முழுசாக மிஞ்சும், கடைசியில் இணைக்க அதுதான் வேண்டும். திரும்பும்போது ஒரு சங்கிலி, அது கண்ணிக் கணக்கில் சேராது.

உச்சி முனையில் ஒரு வேலை செய்தால் தொப்பியின் தோற்றமே மாறிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் 32 ஹாஃப் டபுள், அடுத்து 4 சிங்கிள், கடைசி 4 கண்ணி ஸ்லிப் ஸ்டிச். திரும்பி வரும் அடுத்த வரிசையில் இதுவே தலைகீழாக: 4 ஸ்லிப், 4 சிங்கிள், 32 ஹாஃப் டபுள். எல்லாமே பின் இழையில்தான். குட்டையான கண்ணிகள் இருக்கும் முனை தானாகவே குறுகும், துண்டு லேசாக விசிறி வடிவம் எடுக்கும். இதைச் செய்யாமல் நேர்ச் செவ்வகமாகப் போட்டுச் சுருக்குபவர்களுக்குத்தான் உச்சியில் ஒரு கொண்டை முளைக்கும். பிறகு அதை மறைக்கப் பாம்பாம் என்ற நூல் குஞ்சத்தைத் தேடுவார்கள்.

இதில் கெடுவது எங்கே? அந்த நான்கு ஸ்லிப் கண்ணிகளில். இறுக்கிப் போட்டால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. கடைசிக் கண்ணி கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்துகொள்ளும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று தவறினால் பத்து வரிசையில் தொப்பி குட்டையாகிவிடும். கடைசிக் கண்ணியில் ஒரு மார்க்கரோ ஊக்கோ மாட்டி வையுங்கள். ஐந்து வரிசைக்கு ஒருமுறை 40 இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

இணைப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்லிப் ஸ்டிச்சால் இணைத்தால் ஒரு பக்கம் முகடு தெரியும். அதை உள்ளே வைத்து மேலிருந்து கீழ்வரை இணைத்துவிட்டு மடித்தால், கீழ் 7 செ.மீ.யில் முகடு வெளியே வந்து நிற்கும். ஆகவே மடிப்புப் பகுதி 7 செ.மீ.யை ஒரு பக்கத்திலிருந்தும், மீதியை மறுபக்கத்திலிருந்தும் இணைக்க வேண்டும். நூலை வெட்ட வேண்டாம், அந்த இடத்தில் மறுபுறத்துக்குக் கடத்தினால் போதும். கடைசி வரிசையின் பின் இழையும் முதல் சங்கிலியின் ஒரு இழையும் சேர்த்துத் தைத்தால் இணைப்பு இன்னொரு பள்ளம்போல் மறைந்துவிடும்.

உச்சியைச் சுருக்க, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு முறை நூலை ஓட்டி இழுத்து, பிறகு அதே வட்டத்தில் இரண்டாவது முறையும் ஓட்டுங்கள். ஒரே ஓட்டில் முழு பலத்தையும் காட்டினால் நூல் அறும், ஓட்டையும் மூடாது. மொத்தச் செலவு 160 முதல் 180 மீட்டர். 100 கிராம் கண்டு ஒன்று போதும், பாம்பாம் வேண்டுமென்றால் போதாது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்வோம். உச்சியிலிருந்து: வளையத்தில் 12 டபுள், பிறகு 24, 36, 48, 60, கடைசியாக 66. வட்டம் 16 செ.மீ. விட்டம் வந்ததும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று கூட்டினாலும் தொப்பி காளான் ஆகும். ரிப்புக்கு 4.5 மி.மீ. ஊசி. மடிப்பு என்றால் ரிப் இரட்டைக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது: 7 செ.மீ. மடிக்க 14 செ.மீ. ரிப், அதாவது 14, 15 சுற்று. ஏழு சுற்றோடு நிறுத்திவிட்டு மடித்தால், ரிப் முழுக்க வெளியே போய், தலையைத் தொடும் அடுக்கு பிடிப்பே இல்லாத வெறும் டபுளாக இருக்கும். போஸ்ட் கண்ணி நூலை நன்றாகத் தின்னும், ஆகவே இரண்டாவது கண்டு கையில் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசமும் உண்டு: உச்சியிலிருந்து உடலை வட்டமாக இறக்கி, மடிப்பை மட்டும் பக்கவாட்டில் பின்னி உடலோடு ஒட்டிக்கொண்டே போவது. உடலின் ஓரத்தில் 23 சங்கிலி, பின் இழையில் 22 சிங்கிள், திரும்பி வந்து உடலில் இரண்டு ஸ்லிப், மறுபடி திருப்பம். அந்த இரண்டு ஸ்லிப்பின் மேல் பின்னிவிடக் கூடாது, பின்னினால் ரிப் அகலமாகிக்கொண்டே போகும். தட்டை உச்சியும் வேண்டும், பிடிப்பான மடிப்பும் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. ஒட்டும் இடத்தில் ஒரு தடித்த கோடு விழும். அது மடிப்புக்கு மேலே தெரிந்தால் நன்றாக இருக்காது, ஆகையால் மடிப்பின் வெளி அடுக்கு அதை மூடும்படி உயரத்தைக் கணக்கிடுங்கள்.

வெதுவெதுப்பைப் பொறுத்தவரை, மடிப்பு காதின் மேல் இரண்டு அடுக்காக வருவதுதான் பாதி வேலையைச் செய்கிறது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி விடியலுக்கு இந்தத் தொப்பி எதுவானாலும் போதும். டொராண்டோவில் ஏரிக்காற்று அடிக்கும் நாளுக்கு டபுள் கண்ணி உடல் போதாது, தண்டுகளுக்கு இடையே காற்று நுழையும். பக்கவாட்டு ஹாஃப் டபுளில் மேடுகள் நெருங்கி நிற்பதால் இடைவெளி குறைவு. மிகவும் இழுபட்டால் அங்கும் பள்ளங்கள் திறக்கத்தான் செய்யும். உள்ளே ஃபிளீஸ் துணி வைத்துத் தைப்பதென்றால் உடலுக்கு மட்டும் வையுங்கள். மடிப்புவரை இறக்கினால் ரிப்பின் இழுவை செத்துவிடும்.

நூலும் இந்த முடிவை மாற்றும். கம்பளி தானாகவே சுருண்டு மீளும், அக்ரிலிக் அதைவிடக் குறைவு, பருத்திக்கு அந்தக் குணமே இல்லை. லூதியானா அக்ரிலிக் நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது, வியர்வை பட்டால் துவைப்பதும் சுலபம். ஆனால் அதன் மேல் இஸ்திரிப் பெட்டியையோ ஆவியையோ காட்டாதீர்கள், ரிப் தட்டையாகி மறுபடி எழாது. சூப்பர்வாஷ் (மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய) கம்பளி நனைந்தால் நீளும், ஆகவே கொடியில் தொங்கவிடாமல் துண்டின் மேல் பரப்பி, மேடுகளைக் கையால் கூட்டிவிட்டுக் காயவையுங்கள். இங்கே சொன்ன கணக்கெல்லாம் நடுத்தரத் தடிமன் நூலுக்கு. மெல்லிய நூலில் போஸ்ட் ரிப் இவ்வளவு மோசமாக நடந்துகொள்ளும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. இரண்டு முறையிலும் ஒரு துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, சுற்றளவுத் திசையில் 10 செ.மீ. குறித்து, அதை 14 செ.மீ. வரை இழுத்து ஒரு நிமிடம் பிடித்து விடுங்கள். 11 செ.மீ.க்குள் திரும்பினால் மடிப்பு நிற்கும். தாண்டினால் ஊசியை அரை மி.மீ. குறைத்து மறுபடி பாருங்கள்.

குழந்தைகளுக்குப் போடுவதென்றால் வயதைப் பொறுத்து இரண்டாக யோசிப்பேன். கைக்குழந்தைக்கு உச்சியிலிருந்து இறங்கும் முறையே நல்லது. படுத்தே இருக்கும் தலைக்குப் பின்னால் இணைப்பு முகடு உறுத்தும். ஓடியாடும் பிள்ளைக்குப் பக்கவாட்டுத் தொப்பி. அடுத்த குளிருக்குத் தலை வளர்ந்திருந்தால் உச்சிச் சுருக்கையும் இணைப்பையும் பிரித்து, நான்கு வரிசை கூட்டி மறுபடி தைத்தால் 4 செ.மீ. கிடைத்துவிடும். அதற்காக மிச்ச நூலில் ஒரு 20 மீட்டரை எடுத்து, தொப்பியோடு சேர்த்தே துவைத்து வையுங்கள். இல்லாவிட்டால் புது வரிசைகள் மட்டும் நிறம் தூக்கலாகத் தெரியும்.