ரா எடிட்டிங்னு சொல்லி என் கேமரா போட்ட ஜேபெக்கையே எனக்கு வித்துட்டாங்க, உஷாரு மக்களே

கோவம் தணிஞ்சதும் எழுதலாம்னு இருந்தேன். தணியல. அதனால இப்பவே எழுதிடறேன்.

ஒரு மலைப் பயணத்துல எடுத்த 400 படம், 24 மெகாபிக்சல் கேமரா, எல்லாமே 14 பிட் ரா, அதாவது சென்சார் பதிஞ்சதை அப்படியே வெச்சிருக்கிற ஃபைல். உக்காந்து ஒண்ணொண்ணா டெவலப் பண்ண எனக்கு நேரமில்ல. அப்பதான் ஆன்லைன்ல ஒரு எடிட்டிங் சர்வீஸ் கண்ணுல பட்டுச்சு. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியா திறந்து ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஷேடோ எல்லாம் கையால பாத்து 16 பிட் டிஃப்பா, அதான் ஜேபெக்கை விட ரொம்பப் பெரிய பட ஃபைலா, தருவோம்னு சொன்னாங்க, பேச்சும் நல்லா பதவிசா இருந்துச்சு, முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்டாங்க, நானும் குடுத்துத் தொலைச்சேன். சாம்பிளுக்கு ரெண்டு படம் பண்ணிக் காட்டுங்கனு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கல.

பத்து நாள் கழிச்சு லிங்க் வந்துச்சு. டவுன்லோட் பண்ணா முடியவே மாட்டேங்குது. 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்பா போனா, பிக்சலுக்கு மூணு கலர், கலருக்கு ரெண்டு பைட், அப்ப ஒரு படமே 144 எம்பி, 400 படம்னா கிட்டத்தட்ட 58 ஜிபி. அவ்ளோ நேரம் இறங்கினதைப் பாத்தே பெரிய வேலை பண்ணிருக்காங்கனு நம்பிட்டேன்னா பாத்துக்கோங்க.

படங்களும் பாக்க மோசமில்ல. அதுல ஒரு 31 படம் கருப்பு வெள்ளையில வந்திருந்துச்சு, எல்லாம் மூடுபனிப் படங்க. ஆஹா, பனிக்கு கலர் வேணாம்னு முடிவு பண்ணிருக்காரு, ரசனையான ஆளுப்பானு பாராட்டி மெசேஜ் வேற போட்டேன். அவரும் நன்றி சொன்னாரு!

ரெண்டு நாள் கழிச்சுதான் மண்டையில உறைச்சது. அந்த 31 படத்தையும் எடுக்கும்போது நான் கேமராவ மோனோக்ரோம் மோடுல வெச்சிருந்தேன், பனில கான்ட்ராஸ்ட் எப்படி நிக்குதுனு ஸ்க்ரீன்ல பாக்கறதுக்காக. ராவுல எடுக்கறப்ப இந்த மோடெல்லாம் சென்சார் பதிஞ்ச டேட்டாவத் தொடாது, கலர் முழுசா உள்ளயே இருக்கும். கருப்பு வெள்ளையா ஆகறது ஒண்ணே ஒண்ணுதான், ரா ஃபைலுக்குள்ள கேமரா செருகி வெக்கிற ப்ரிவ்யூ ஜேபெக். அப்ப இவங்க ராவைத் திறக்காம அதைத்தான் எடுத்துக் குடுத்திருக்காங்க.

நிறைய பேருக்கு இது தெரியாது, எனக்கும் அரைகுறையாதான் தெரியும். ரா ஃபைலைப் பாதி சமைச்ச படம்னு கூட சொல்ல முடியாது. சென்சார் மேல பச்சை, சிவப்பு, நீலம்னு சின்னச் சின்ன ஃபில்டர் கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு கலரோட அளவைத்தான் பதியும், கோடாக்ல இருந்த ப்ரைஸ் பேயர் 1976ல பேட்டன்ட் வாங்கின அமைப்பு அது, மீதி ரெண்டு கலரையும் சாஃப்ட்வேர்தான் பக்கத்து பிக்சல்களைப் பாத்துக் கணக்குப் போட்டு நிரப்பணும். அதுவரைக்கும் ஸ்க்ரீன்ல காட்ட ஏதாவது வேணும்ல, அதுக்காக கேமராவே ஒரு ஜேபெக் பண்ணி உள்ள வெச்சுடும். சில கேமரால அது சின்னதா இருக்கும், என்னோடதுல முழு சைஸ். அதை வெளிய எடுக்க எக்ஸிஃப்டூல்ங்கற சாஃப்ட்வேர்ல ஒரே கமாண்ட் போதும், 400 படமும் சில நிமிஷ வேலை.

நானும் எடுத்தேன். அவங்க குடுத்த டிஃப்பை ஒரு லேயர்ல, ப்ரிவ்யூவை மேல ஒரு லேயர்ல வெச்சு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டற டிஃபரன்ஸ் மோடு போட்டேன். ரெண்டும் வேற வேறன்னா ஓரங்கள்ல கோடு கோடா ஏதாவது தெரியும். திரை முழுக்கக் கருப்பு. வெளிச்சத்தைக் கூட்டற லெவல்ஸைப் பிடிச்சு இழுத்தும் பாத்தேன், அப்பவும் கருப்புதான். பத்து பதினஞ்சு படம் இப்படியே பாத்துட்டு லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன்.

கேட்டா என்ன பதில் தெரியுமா, "ப்ராப்பர்ட்டீஸ்ல 16 பிட்னு காட்டுதே சார், பாருங்க". காட்டத்தான் செய்யும். ஒரு டம்ளர் தண்ணிய அண்டாவுல ஊத்தினா அது அண்டாத் தண்ணி ஆயிடுமா? ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16384. ஒருதடவ 256 ஆக்கிட்டா திரும்ப எந்த டப்பாவுல போட்டு மூடினாலும் போனது போனதுதான். அவங்க ஃபைல்ல ஷேடோவை, அதான் இருட்டான இடத்தை, கொஞ்சம் தூக்கினா எட்டுக்கு எட்டு கட்டமா ஜேபெக் தழும்பு தெரியுது, வானத்துல பட்டை பட்டையா விழுது, எந்த வெளிச்சத்துல எத்தனை பிக்சல்னு காட்டற ஹிஸ்டோகிராம் சீப்புப் பல்லு மாதிரி இடைவெளி விட்டு நிக்குது. வெளுத்துப் போன மேகத்தை இறக்கினா வெறும் சாம்பல், ராவுல அதே இடத்துல மேகத்தோட மடிப்பு இருக்கு.

விடாம கேட்டதுக்கு, சரி டிஎன்ஜியாவே தரோம்னு அனுப்பினாங்க. டிஎன்ஜின்னா அடோபி 2004ல கொண்டு வந்த ரா ஃபார்மட்டாச்சேனு ஒரு நிமிஷம் நானும் மயங்கினேன். லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஜேபெக்கையும் டிஎன்ஜியா மாத்தலாம்ங்க. மாத்தினா பேர்தான் மாறும். அந்த 31 படம் இதுலயும் கருப்பு வெள்ளைதான், அதைக் கூட யோசிக்கல பாவம். நான் போட்ட ஒப்பீட்டு ஸ்க்ரீன்ஷாட்டைப் பாத்ததும் பதில் நின்னுடுச்சு, அடுத்த நாள் என்னை பிளாக் பண்ணிட்டாங்க. பணமும் அவ்ளோதான்.

என் தப்பும் இருக்கு, மறைக்கல. 400 படத்துக்கும் 16 பிட் டிஃப் எதுக்கு எனக்கு? பெரிய பிரின்ட் போடப் போறதோ மேல எடிட் பண்ணப் போறதோ ஒரு பத்து இருக்கும், மீதியெல்லாம் போன்ல அனுப்பறதுக்கு நல்ல குவாலிட்டி ஜேபெக் தாராளம். டிஃப்னா உசத்தினு ஒரு நெனப்பு, அதைத்தான் அவங்க வித்தாங்க. யாருக்காவது ரா குடுக்கறதா இருந்தா ஒரு நாலு படத்தை வேணும்னே மோனோக்ரோம்லயோ தப்பான ஒயிட் பேலன்ஸ்லயோ (கலர் நீலமாவோ மஞ்சளாவோ சாயற மாதிரி) எடுத்துக் கலந்து விடுங்க, ஆளு ராவைத் திறந்தாரா இல்லையானு அதுவே சொல்லிடும். எடிட் செட்டிங்ஸ் இருக்கிற எக்ஸ்எம்பி ஃபைலையும் சேத்துக் கேளுங்க, லைட்ரூம் மாதிரி சாஃப்ட்வேர்ல வேலை செஞ்சவங்கன்னா அதைத் தர முடியும். உங்க ஒரிஜினல் ராவை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிச்சிடாதீங்க. "நாங்களே ஸ்டோர் பண்ணி வெச்சுக்கறோம், உங்க டிஸ்க்கைக் காலி பண்ணிக்கோங்க"னு எங்கிட்டயும் சொன்னாங்க, நல்லவேளை சோம்பேறித்தனத்துல அழிக்கல.

இப்ப டார்க்டேபிள்ங்கற ரா எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டு நானே பண்ணிட்டு இருக்கேன், அது இலவசம்தான், பழக ஒரு வாரம் தலைவலி. முதல்ல அந்த பனிப் படங்களைத்தான் எடுத்தேன். ஒண்ணுல பனிக்கு நடுவுல மஞ்சள் ரெயின்கோட் போட்ட ஒருத்தர் தூரத்துல நடந்து போறாரு, கருப்பு வெள்ளையில அந்த ஆளு இருக்கறதே எனக்குத் தெரியல. 31 முடிஞ்சுது, இன்னும் 369 பாக்கி.