நிறம் ஏறிய ப்ரூஃப் சென்ட்டுகள்: ஒன்பது வருட அனுபவம்

என்னிடம் இருக்கும் 1885ஆம் வருட அமெரிக்க ப்ரூஃப் சென்ட்டை மேஜையில் தட்டையாக வைத்துப் பார்த்தால் வெறும் பழுப்புதான். ஸ்லாப், அதாவது தரத்தை மதிப்பிடும் கிரேடிங் நிறுவனம் நாணயத்தை மூடித் தரும் பிளாஸ்டிக் உறை, அதன் லேபிளும் அதைத்தான் சொல்கிறது: ப்ரூஃப் 65 (தரத்துக்கான எண்), பிஎன், அதாவது பிரவுன். அதையே ஒற்றை விளக்கின் கீழ் பிடித்து மெல்லச் சாய்த்தால் விளிம்பிலிருந்து மயில்கழுத்து நிறம் கிளம்பி வரும். நாணயத்தில் இருக்கும் தலையின் இறகுக் கிரீட நுனியில் கத்தரிப்பூ நிறம், அதற்கு உள்ளே ரோஜா. கன்னத்தை ஒட்டி மட்டும் அச்சடித்த அன்றைய செம்பின் சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்னும் ஒரு இழை சாய்த்தால் எல்லாம் மறைந்து மறுபடி பழுப்பு.

பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இந்த நாணயங்கள் பிறந்த ஊர் அதுதான். ஒன்பது வருடத்தில் சேர்ந்தவை மொத்தம் இருபத்துமூன்று. பெரும்பாலும் அந்த இறகுக் கிரீடத் தலை போட்ட இந்தியன் ஹெட் சென்ட்டுகள், சில லிங்கன் தலை போட்டவை. பழைய செம்பு நாணயம் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ப்ரூஃப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். புழக்கத்துக்கு இல்லாமல், சேகரிப்பவர்களுக்கென்றே பாலிஷ் செய்த அச்சில், பாலிஷ் செய்த தகட்டில், கூடுதல் அழுத்தத்தில் அடித்த நாணயம். அதன் வெற்றுப்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். 1885இல் இப்படி அடித்த சென்ட்டுகள் 3,790 மட்டுமே. 1864க்குப் பிறகு வந்த சென்ட்டில் 95 சதவீதம் செம்பு, மீதி தகரமும் துத்தநாகமும். செம்பு காற்றோடும் கந்தகத்தோடும் சேர்ந்து மேலே மிக மெல்லிய படலமாகிறது. மழை பெய்த ரோட்டில் எண்ணெய் சிந்தினால் வானவில் தெரியுமே, அதே கதைதான். படலத்தின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, படலத்தின் தடிமனுக்கு ஏற்ற நிறத்தைக் காட்டுகிறது. கீழே இருப்பது கண்ணாடிப் பரப்பு என்பதால் ப்ரூஃபில் அது இவ்வளவு அழகாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் ப்ரூஃபுகளை மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்தார்கள், பிற்பாடு அட்டை ஆல்பங்களில் செருகினார்கள். அந்தக் காகிதத்திலும் அட்டையிலும் இருந்த கந்தகம்தான் பல வருடம் நின்று நிதானமாக வேலை செய்திருக்கிறது.

நம் வீடுகளில் செம்பு கறுத்தால் புளியைப் போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். தேய்த்த ப்ரூஃப் சென்ட் செத்த சென்ட். கண்ணாடிப் பரப்பில் மயிரிழைக் கீறல் விழுந்துவிடும், அப்புறம் வரும் நிறமும் இயல்பாக இருக்காது.

கிரேடிங் நிறுவனங்கள் செம்பை மூன்றாகப் பிரிக்கின்றன: ஆர்டி என்றால் சிவப்பு, ஆர்பி என்றால் சிவப்பும் பழுப்பும், பிஎன் என்றால் பழுப்பு. ஆரம்ப சிவப்பு 95 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் ஆர்டி, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பிஎன், இடைப்பட்டது ஆர்பி. விலையும் அந்த வரிசையில்தான். ஒரே எண் வாங்கிய இரண்டு சென்ட்டில் சிவப்பு பல மடங்கு விலை போகும். நான் முதல் இரண்டு வருடம் சிவப்பின் பின்னால்தான் ஓடினேன். வாங்கிய இரண்டில் ஒன்று நான்காம் வருடம் விளிம்பில் மங்க ஆரம்பித்தது, இன்னொன்றில் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புப் புள்ளி வந்தது. இரண்டுமே ஸ்லாபுக்குள் இருந்தவை. சிவப்பு என்பது இன்னும் மாறாத செம்பு, அது மாறத்தான் பார்க்கும். நீலமும் ஊதாவும் ஏறி நின்றுவிட்ட செம்பு அந்த அளவுக்கு அவசரப்படுவதில்லை. லேபிளில் அதற்கும் 'பழுப்பு' என்றே பெயர். நல்ல நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நிறம் கண்ணைப் பறித்தால் வியாபாரி கூட்டித்தான் கேட்பார், ஆனாலும் ஆர்டி விலைக்கு அருகில் போவது அபூர்வம்.

செயற்கை நிறம்தான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. சூடு காட்டியும், கந்தகம் வைத்தும், சில சுத்தப்படுத்தும் திரவங்களில் முக்கியும் நீலத்தை வரவழைக்கிறார்கள். மூன்றாம் வருடம் இணைய ஏலத்தில் ஸ்லாப் இல்லாத சென்ட் ஒன்றை, படத்தில் தெரிந்த ஊதாவை நம்பி வாங்கினேன். கிரேடிங்குக்கு அனுப்பினேன், 'நிறம் சந்தேகத்துக்குரியது' என்ற குறிப்போடு எண் இல்லாமல் திரும்பி வந்தது. அன்றைக்கு உட்கார்ந்து அதையும் என் 1885ஐயும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். 1885இல் ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. விளிம்பிலிருந்து உள்ளே கரைந்து வருகிறது, அடியில் கண்ணாடிப் பளபளப்பு உயிரோடு இருக்கிறது. மற்றதில் எழுத்தின் இடுக்கு, மேடு, வெற்றுப்பரப்பு எல்லாவற்றிலும் ஒரே ஊதா, பெயின்ட் அடித்த மாதிரி. அதை விற்கவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வைத்திருக்கிறேன்.

படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விற்பவர் எந்தக் கோணத்தில் நிறம் பொங்குமோ அந்தக் கோணத்தில்தான் படம் எடுப்பார். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேராகப் பிடித்தால் எப்படி இருக்கும் என்றும் தெரிய வேண்டுமே. சாய்த்துக் காட்டும் பத்து விநாடி வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் நான் விலகிவிடுவேன்.

பாதுகாப்பில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. மென்மையான பிளாஸ்டிக் உறையில் ஒரு லிங்கன் சென்ட்டை ஒரு கோடை முழுவதும் விட்டுவிட்டேன். உறையில் இருந்த பிவிசி கசிந்து, தேதியின் மேல் பச்சைப் பிசுக்கு. சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், தேய்க்காமல் ஊறவைத்து எடுத்தேன். பிசுக்கு போனது, அது அரித்த இடத்தில் மங்கல் நின்றுவிட்டது. இப்போது எல்லாமே கெட்டியான உறையில், மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. நிலவறையில் வைப்பதில்லை, ஈரம் செம்புக்கு எமன். வெறும் நாணயத்தைப் பிடித்தால் விளிம்பில் மட்டும்தான் பிடிப்பேன். அதன் அருகில் பேசவும் மாட்டேன், ஒரு துளி எச்சில் தெறித்தாலே சில மாதத்தில் கறுப்புப் புள்ளி.

லிங்கன் பக்கம் போகிறவர்கள் 1909 முதல் 1916 வரை வந்த மேட் ப்ரூஃபுகளைப் பாருங்கள். அவற்றில் கண்ணாடிப் பரப்பு இல்லை, பட்டுத்துணி மாதிரி நுண்ணிய சொரசொரப்பு. பளபளப்பு இல்லையே என்று அந்தக் காலத்து சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை, 1916க்குப் பிறகு நிறுத்தியும்விட்டார்கள். மறுபடி ப்ரூஃப் சென்ட் வந்தது 1936இல், பளபளப்போடு. எனக்கு அந்த மேட் நாணயங்கள் ரொம்பப் பிடிக்கும். சொரசொரப்பின் மேல் நீலம் ஏறினால் புறாக் கழுத்து போல மங்கி மின்னும். 1983 முதல் வந்த சாதாரண சென்ட்டை இந்த எண்ணத்தில் வாங்காதீர்கள், அது செம்பு முலாம் பூசிய துத்தநாகம்.

மாதம் ஒருமுறை, ஞாயிறு காலையில், எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுகிறேன். போன வாரம் பார்த்ததில் 1885இன் கன்னத்துச் சிவப்பு அப்படியேதான் இருந்தது.