84,000 ரூபாய் போச்சு: அந்தமான் ஹேவ்லாக் தீவில் ரூம் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு திருச்சி வந்து சேர்ந்தோம். இன்று வியாழன். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், எங்களை ஏமாற்றிய ஏஜென்ட் அடுத்த குடும்பத்தைப் பிடிப்பான். 84,000 ரூபாய். என் மனைவி இரண்டு வருடம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். கடற்கரை ரிசார்ட்டை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, எட்டாவதும் மூன்றாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான் போவது என்று செப்டம்பரிலேயே முடிவு செய்து சென்னையிலிருந்து விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். ரூம்தான் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு ரிசார்ட் எங்கள் கையில் இருந்தது. எது என்பதில் எனக்கும் மனைவிக்கும் ஒரு மாதம் பேச்சு.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹேவ்லாக்கை 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஊரில் எல்லோரும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கடற்கரைக்கெல்லாம் நம்பர். கோவிந்த் நகர் 3, விஜய் நகர் 5, ராதாநகர் 7. நான் பார்த்து வைத்திருந்தது 5-ஆம் நம்பரில். கதவைத் திறந்தால் கடல், தென்னை மரம், படகுத்துறையும் கிட்ட. அவள் பார்த்து வைத்திருந்தது 7-ஆம் நம்பர் பக்கம். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குக் கொடுக்கிற நீலக்கொடிச் சான்று ராதாநகருக்கு 2020-லேயே கிடைத்திருக்கிறது, பிள்ளைகள் குளிக்க அதுதான் சரி என்பது அவள் கட்சி. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. பெரிய புக்கிங் ஆப் ஒன்றில் காட்டேஜுக்கு ஓர் இரவு 12,500. இரண்டு காட்டேஜ், நாலு இரவு, ஒரு லட்சம். 7,500-க்கு மேல் வாடகை என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 1,18,000. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் தயங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் அந்தமான் பேக்கேஜ் போடுகிற ஒரு ஏஜென்சியின் பக்கம் கண்ணில் பட்டது. பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். வாட்ஸப்பில் ஒரு வரி கேட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. தமிழ். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன குடும்பம் என்றான். அங்கே நம் ஆட்கள் நிறைய இருப்பது உண்மைதான், அதனால் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

நான் அவனை நம்பியது எந்த இடத்தில் என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். விலை குறைத்துச் சொன்னதில் இல்லை. இரண்டு ரிசார்ட்டையும் சொல்லி எது நல்லது என்று கேட்டேன். நான் விரும்பியதையே அவன் வேண்டாம் என்றான். "அண்ணா, 5-ஆம் நம்பர் போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஆனா கடல் உள்வாங்கற நேரத்துல பாறையும் பவளமும்தான் வெளியே தெரியும், பிள்ளைங்க இறங்க முடியாது, கால் கிழிஞ்சிடும். நீங்க குடும்பமா வர்றீங்க, 7-க்குப் போங்க. அங்க மணல்" என்றான். விசாரித்துப் பார்த்தேன், அத்தனையும் உண்மை. 5-ஆம் நம்பர் இருக்கிற கிழக்குக் கரை அப்படித்தான். தெரிந்த ஆள், நேர்மையாகப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் அவனே கூப்பிட்டு, "அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்களே அண்ணா, படி ஏறாத காட்டேஜா பார்த்துப் போட்டிருக்கேன்" என்றான். அம்மாவின் முட்டி வலியை நான் பேச்சுவாக்கில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். என் சொந்தத் தம்பிக்கு அது ஞாபகம் இருக்காது. அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

ஆப் வழியாக இல்லாமல் தன்னிடம் நேரடியாகக் கட்டினால் காட்டேஜுக்கு இரவு 10,500, காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சேர்த்து, வரி உட்பட என்றான். மொத்தம் 84,000. முன்பணம் 10,000 போட்டேன். ஒரு வாரம் கழித்து 32,000. கடைசி 42,000 போடும்போது, "இந்த அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு, தம்பி அக்கவுண்ட்டுக்குப் போட்டுடுங்க அண்ணா" என்றான். வேறு பெயர். மனைவி கேட்டாள், "ஏங்க, கம்பெனி பேருக்கு இல்லாம ஆள் பேருக்கு ஏன் போடச் சொல்றாங்க?" நான்தான் சும்மா இரு என்றேன். அதை இனி எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை.

விசாரிக்காமல் பணம் போட்டுவிட்டான் என்று நினைக்காதீர்கள். கடைசித் தவணைக்கு முன்னால் ரிசார்ட்டுக்கே போன் செய்தேன். நம்பரை அவனிடம் வாங்கவில்லை, நானே தேடி எடுத்தேன். ரிசப்ஷனில் பார்த்துச் சொன்னார்கள்: "ஆமாம் சார், உங்கள் பெயரில் இரண்டு காட்டேஜ், நாலு இரவு, கன்ஃபர்ம்." அவன் அனுப்பிய வவுச்சரில் இருந்த எண்ணும் அவர்கள் சொன்ன எண்ணும் ஒன்றே. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சரிபார்ப்பான்? அன்று மாலையே 42,000 போட்டுவிட்டேன்.

அவன் செய்தது இதுதான், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே பெரிய ஆப்பில், என் பெயரில், அவன் மெயில் ஐடி கொடுத்து, "ஹோட்டலில் போய்ப் பணம் கட்டலாம்" என்கிற வகையில் ரூம் போட்டிருக்கிறான். அதில் ஒரு ரூபாய் கூட முன்பணம் இல்லை. மூன்று நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம். புக்கிங் உண்மை, எண் உண்மை, ரிசார்ட் சொன்னதும் உண்மை. எனக்கு அனுப்பிய வவுச்சரில் கட்டண விவரம் இருந்த அடிப்பகுதியை மட்டும் வெட்டியிருக்கிறான். என் 84,000-ஐ வாங்கிக்கொண்டு, நாங்கள் கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது ரத்து செய்துவிட்டான். ரத்து மெயில் அவனுக்கே போகும், எனக்கு எப்படித் தெரியும்?

காலையில் சென்னையில் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, மதியக் கப்பலில் ஹேவ்லாக். கப்பலில் அம்மாவுக்கு ஒரே வாந்தி. படகுத்துறையில் "வண்டி வந்து நிக்கும் அண்ணா" என்றிருந்தான். வண்டி இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்போது கூட சிக்னல் கோளாறு என்றுதான் நினைத்தேன். ஒரு ஜீப் பிடித்துப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ராதாநகர் பக்கம் போனோம். ரிசப்ஷனில் கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டினார்கள். கேன்சல். அந்த இரண்டு காட்டேஜும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயம், ஒரு ரூம் கூட காலி இல்லை. "எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை சார், அந்த ஏஜென்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று போனில் "பணம் இன்னும் வரவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் இருக்கிறது.

அந்தமானில் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பெட்டிகளோடு நாங்கள் வாசலில் நிற்கும்போதே இருட்ட ஆரம்பித்துவிட்டது. சின்னவள் "அப்பா, நம்ம ரூம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "எனக்காகப் படி இல்லாத ரூம் கேக்கப் போய்தானே இப்படி ஆச்சு" என்று அழுதார். அந்தக் கடற்கரைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்று நாங்கள் கடலையே பார்க்கவில்லை.

ஜீப்காரர் நல்ல மனிதர். கூடவே இருந்து, திரும்ப படகுத்துறைக் கடைத்தெருவுக்கே கூட்டிவந்து, நாலு இடம் ஏறி இறங்கி, ஒரு லாட்ஜில் மாடியில் இரண்டு சின்ன ரூம் பிடித்துக் கொடுத்தார். ஆம், மாடி. அம்மாவை நானும் மகனும் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். திரும்பும் டிக்கெட்டை மாற்றக் கேட்ட பணத்துக்கு அங்கேயே இருந்துவிடலாம் என்று இருந்தோம். நாலு இரவுக்கு இன்னொரு 22,000. அது தனி.

இனி அவன் பேசிய பேச்சு. முதல் நாள் இரவு பத்து மணிக்கு எடுத்தான். "ஆப்ல டெக்னிக்கல் எரர் அண்ணா, அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க, 24 மணி நேரத்துல பணம் வந்துடும்." மறுநாள், "ஏழு வேலை நாள்." அதற்கு அடுத்த நாள், "அக்கவுண்ட்ஸ்ல பேசிட்டேன்." அப்புறம் பணம் அனுப்பியதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதில் இருந்த பரிவர்த்தனை எண்ணை வங்கியில் கொடுத்தேன், அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். அதைச் சொன்னதும் அவன் குரலே மாறிவிட்டது: "என்ன அண்ணா, 84,000 ரூபாய்க்கு இப்படி நச்சரிக்கிறீங்க?" அதோடு என் நம்பரைத் தடை செய்துவிட்டான்.

ஆப் கம்பெனியின் கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். "இந்த புக்கிங்கில் எங்கள் வழியாகப் பணம் எதுவும் செலுத்தப்படவில்லை, வேறு உதவி தேவையா சார்?" மெயில் ஐடி என்னுடையது இல்லை என்பதால் புக்கிங் விவரத்தைக் கூடத் தர மாட்டோம் என்கிறார்கள். என் பெயரில் இருக்கிற புக்கிங்! வங்கியில், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது சார், எங்கள் தவறு இல்லை." சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார். ஆனால் முதல் தவணை போய் ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, பணம் அந்தக் கணக்கில் நிற்குமா என்பது சந்தேகம் என்றார். தெரிந்த உடனே, அன்றைக்கே, ஹேவ்லாக்கிலிருந்தே பேசியிருக்க வேண்டுமாம். அவன் "24 மணி நேரம், ஏழு நாள்" என்று இழுத்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், அதனால் சுருக்கமாக. ரிசார்ட்டுக்குப் போன் செய்தால் "என் புக்கிங் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "என் பணம் உங்களுக்கு வந்துவிட்டதா, எவ்வளவு வந்தது" என்று கேளுங்கள். புக்கிங்கில் உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும். தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்குப் போடவே போடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் இன்னொரு முறை கூப்பிடுங்கள், நான் அதைச் செய்திருந்தால் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியிருக்க மாட்டேன். "பிரைவேட் பீச்" என்று சொல்பவனிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், நம் நாட்டில் கடற்கரை எல்லோருக்கும் பொது. ஏமாந்தது தெரிந்தால் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் முதல் போன் 1930-க்கு.

அவன் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி போனிலிருந்து பார்த்தேன். பொங்கல் விடுமுறைக்கு ஹேவ்லாக், குடும்ப பேக்கேஜ், சில காட்டேஜ்களே மீதி என்று நேற்று போட்டிருக்கிறான். படத்தில் இருப்பது எங்களுக்குக் காட்டிய அதே காட்டேஜ். பொங்கலுக்கு யாராவது இப்படிப் பணம் கட்டியிருந்தால், இப்போதே ரிசார்ட்டுக்குப் போன் செய்து பணம் வந்ததா என்று கேளுங்கள். தயவுசெய்து இன்றைக்கே கேளுங்கள்.