காது மெஷின் எத்தனை வருஷம் தாங்கும்? வகைவாரியாக ஒரு மதிப்பீடு

கடையில் கேட்டால் "அஞ்சு வருஷம் வரும் சார்" என்பார்கள். பொதுவாக 3 முதல் 7 ஆண்டு என்பது நியாயமான கணக்குதான். ஆனால் எல்லா வகைக்கும் அதே எண்ணைச் சொல்லி விற்கும்போதுதான் வாங்குகிறவர் ஏமாறுகிறார். ஆயுளைப் பெரும்பாலும் முடிவுசெய்வது ரிசீவர், அதாவது சத்தத்தை வெளியே விடும் குட்டி ஸ்பீக்கர், எங்கே இருக்கிறது என்பது. குறும்பியும் வேர்வையும் முதலில் கெடுப்பது அதைத்தான்.

காதுக்குழாய்க்குள் முழுசாகப் போய்விடும், வெளியே தெரியாத சிஐசி வகைக்கு இந்த விஷயத்தில் கடைசி இடம். மைக், சிப், ரிசீவர், பேட்டரி எல்லாமே காதுக்குழாயின் சூட்டிலும் ஈரத்திலும் நாள் முழுக்கக் கிடக்கின்றன. 3 அல்லது 4 ஆண்டில் தகராறு ஆரம்பிப்பது சகஜம். ரிசீவர் போனால் பெரும்பாலும் கம்பெனிக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும். அதுவரை அந்தக் காது சும்மா இருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் இருப்பவர்கள், அதிகம் வேர்ப்பவர்கள், குறும்பி நிறைய சேருகிறவர்கள் அழகுக்காக இதை வாங்குவதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டி, டியூபும் மோல்டும் (காதின் அளவுக்கு வார்த்த அடைப்பான்) வைக்கும் பிடிஇ வகைதான் உழைப்பாளி. ரிசீவர் உள்பட எல்லாம் காதுக்கு வெளியே இருப்பதால் 6, 7 ஆண்டு ஓடுவது பெரிய விஷயமில்லை. டியூப் மட்டும் மஞ்சளாகி விறைத்துப்போகும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். விட்டால் கீறல் விழுந்து, சத்தம் கசிந்து விசிலடிக்கும். அதைக் கேட்டு மெஷினே போய்விட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம்.

இன்று அதிகம் விற்கும் ஆர்ஐசி வகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உடல் காதுக்குப் பின்னால், ரிசீவர் மட்டும் மெல்லிய வயரின் முனையில் காதுக்குள். கெடுவது பெரும்பாலும் அந்த ரிசீவர்தான், ஆனால் கிளினிக்கில் சில நிமிடத்தில் கழற்றி மாற்றிவிடலாம். மாற்றும்போது அதே பவர்தானா என்று பாருங்கள். முடிந்ததும் கம்ப்யூட்டரில் இணைத்து ஃபீட்பேக் டெஸ்ட்டை, அதாவது விசிலடிப்பதைத் தடுக்கும் சோதனையை, மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் பல இடங்களில் இதைத் தாண்டிவிடுகிறார்கள். லேசானது முதல் நடுத்தரக் குறைபாடு வரை உள்ளவர்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். குறைபாடு அதிகமென்றால் பிடிஇ.

சார்ஜ் வகையில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி 4, 5 ஆண்டில் தளர்ந்து, இரவு வரை வந்தது சாயங்காலத்திலேயே கண்ணை மூடும். அப்போது பேட்டரியை இங்கேயே மாற்ற முடியுமா, கம்பெனிக்குப் போக வேண்டுமா, உத்தரவாதம் முடிந்தபின் என்ன செலவு என்பதை வாங்கும் முன்பே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். விரல் நடுக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சார்ஜ் வகைதான் வசதி, அதை மறுக்கவில்லை. பட்டன் பேட்டரி போடுகிறவர்கள் (312 பழுப்பு ஸ்டிக்கர், 13 ஆரஞ்சு) ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் பிறகு மூட வேண்டும். ராத்திரி மெஷினின் பேட்டரி கதவைத் திறந்தே வைத்தால் ஈரமும் வெளியேறும். சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தால் இன்னும் நல்லது.

சத்தம் குறைந்தாலோ நின்றாலோ புதுசு பார்க்கப் போகும் முன் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் புதுப் பேட்டரி. அடுத்து வாக்ஸ் கார்டு, அதாவது ரிசீவருக்குள் குறும்பி போகாமல் தடுக்கும் குட்டி வடிகட்டி: அதோடு வரும் குச்சியின் வெற்று முனையைக் குத்திப் பழையதை இழுத்து எடுத்து, மறுமுனையில் இருக்கும் புதியதை அழுத்த வேண்டும். பிறகு மைக் ஓட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்து பிரஷ்ஷால் தட்டுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் தூசு உள்ளேதான் போகும். பிடிஇ என்றால் டியூபோடு மோல்டைக் கழற்றிவிட்டு, மெஷினை உள்ளங்கையில் குவித்து மூடிப்பாருங்கள். டியூப் மாட்டும் கொக்கியில் விசில் வந்தால் பெரும்பாலும் மெஷின் நலம். டியூபிலோ மோல்டிலோதான் அடைப்பு. ஏசி அறையில் டியூபுக்குள் நீர்த்துளி கோத்துக்கொண்டாலும் இதே கதைதான். இத்தனைக்கும் மசியாவிட்டால் காதைப் பரிசோதியுங்கள். குறும்பி அடைத்திருந்தால் எந்த மெஷினும் கேட்காது.

மாற்றியே தீர வேண்டிய நேரம் எது? மாடல் நின்றுபோய் உதிரிபாகம் கிடைக்காதபோது. ஒரே கோளாறு ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது முறை வந்து, ரிப்பேருக்கு ஆறு மாத உத்தரவாதம்கூடத் தராதபோது. அடுத்து, ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காது டெஸ்ட் வரைபடம்) இறங்கி அந்த மெஷினின் எல்லைக்கு வெளியே போகும்போது. ஆர்ஐசியாக இருந்தால் அதற்கு முன் அடுத்த பவர் ரிசீவரையும் மோல்டையும் போட்டுப்பார்க்கலாம். ப்ளூடூத் இல்லை என்பதற்காக மட்டும், நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கி எறிவது எங்களைக் கேட்டால் வீண் செலவு.

டிரயல் கொடுக்கும்போது நடக்கும் ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். புது மெஷினை இன்றைய ஆடியோகிராமுக்கு ட்யூன் செய்து காதில் வைப்பார்கள். உங்கள் பழையது மூன்று வருஷத்துக்கு முந்தைய ட்யூனிலேயே இருக்கும். வித்தியாசம் பிரமாதமாகத் தெரியத்தான் செய்யும். பழையதையும் புது ஆடியோகிராமுக்கு ட்யூன் செய்து, ஒரு வாரம் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதில் மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தால், விலை உயர்ந்த மாடலும் ஓரளவுக்கு மேல் உதவாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் இலவசமாக வாங்கியவர்கள் மறுபடி பெற 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 1 ஆண்டு போதும். புதுசு வந்ததும் பழையதைக் குப்பையில் போடாதீர்கள். பட்டன் பேட்டரி வகை என்றால் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். புதியது ரிப்பேருக்குப் போகும் நாட்களில் உதவும்.