ஒரு விசில், இரண்டு விசில்: மூச்சுப் பட்டையோடு 14 மாதம்

மதுரை டவுன் பஸ்ஸில் 30 வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். மகன் வாங்கி அனுப்பிய மூச்சுப் பயிற்சிப் பட்டைக்கு இது தெரியாது. நெஞ்சில் கட்டிக்கொண்டால் ஒரு அதிர்வுக்கு மூச்சை இழுக்க வேண்டும், இரண்டு அதிர்வுக்கு விட வேண்டும். முதல் வாரம் முழுக்க ஒற்றை அதிர்வு வந்ததும் மூச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சை அடக்கிப் பிடிக்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இந்தக் கருவி என்னை அதைத்தான் செய்ய வைத்தது. அதிர்வின் வகையை செட்டிங்கில் மாற்றலாம் என்று மகன்தான் கண்டுபிடித்தான். இப்போது மூச்சு இழுக்கும்போது அதிர்வு மெல்ல ஏறுகிறது, விடும்போது இறங்குகிறது. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலிலேயே இப்படி வைத்திருக்கலாம்.

எனக்கு இதய பலவீனம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னுள் நிறையும் ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று எக்கோ ஸ்கேனில் பார்ப்பார்கள். 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, எனக்கு 32. படுத்தால் மூச்சு முட்டும், மூன்று தலையணை வேண்டியிருந்தது. நுரையீரலில் நீர் கோப்பது ஒரு காரணம். மூச்சை இழுக்கும் தசைகளும் நாளடைவில் தளர்ந்துபோகும். நிமிடத்துக்கு ஆறு முறை என்று நிதானமாக மூச்சு விட்டால் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுகிறது என்று இத்தாலி மருத்துவர்கள் 1998-லேயே எழுதியிருக்கிறார்களாம்.

பட்டைக்குள் இருக்கும் சென்சார் நெஞ்சு விரிவதை அளக்கிறது. முதல் நிமிடம் நம் போக்கிலேயே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைக்கும். தினமும் 15 நிமிடம். நான் நிமிடத்துக்கு 20 மூச்சில் ஆரம்பித்தேன். 10-க்குக் கீழே வர இரண்டு மாதம் ஆனது. ஆறு இன்னும் எல்லா நாளும் வாய்ப்பதில்லை. அவசரப்பட்டால் தலை சுற்றுகிறது.

சித்திரை வெயிலில்தான் பட்டையின் லட்சணம் தெரிந்தது. வியர்வையில் ஊறிய ரப்பர் நாடா, நெஞ்சைச் சுற்றி வேர்க்குரு. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். பழைய காட்டன் வேட்டித் துணியில் உறை தைத்து, கருவியை மட்டும் கழற்றி எடுக்க உள்ளே ஒரு பையும் வைத்துக் கொடுத்தார். இப்போது வாரம் இரண்டு முறை துவைக்கிறேன். ஊர் வெயிலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இதை வடிவமைத்தவர்கள்.

இன்னொன்று, கொக்கியில் காந்தம். நடுங்கும் கைக்கு மாட்டச் சுலபம்தான். ஆனால் தெப்பக்குளத்தில் என்னோடு நடக்கும் நண்பர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். அதன் பக்கத்தில் காந்தம் வரக்கூடாது. இதய நோயாளிக்கென்றே செய்த பொருளில் காந்தமா? இந்தப் பட்டையை வாங்கச் சொல்லி அவரிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மூன்றே நாளில் எடை இரண்டு கிலோ ஏறியது, கால் வீங்கியது. பட்டையோ ஒவ்வொரு மாலையும் ‘பயிற்சி அருமை’ என்று பச்சை காட்டியது. சரி, பயிற்சி அருமைதான், ஆள் சரியில்லையே! எடை பார்க்கும் மெஷினை நம்பி டாக்டரிடம் ஓடினேன். உடம்பில் சேர்ந்த நீரை வெளியேற்றும் மாத்திரையைக் கூட்டினார். பிறகு பட்டையோடு வரும் செல்போன் செயலியைத் தோண்டினால், அந்த முதல் நிமிடக் கணக்கு நான்காவது பக்கத்தில் கிடக்கிறது: வழக்கமாக நிமிடத்துக்கு 16 மூச்சு இருந்தது, அந்த மூன்று நாளில் 18, 20, 23. சும்மா இருக்கும்போது விடும் மூச்சுதான் என் நிலவரம். பட்டை அதை ஒளித்துவைத்துவிட்டு, தான் சொல்லிக்கொடுத்தபடி நான் விட்ட மூச்சுக்கு மார்க் போடுகிறது. இப்போது அந்த எண்ணை எடைக்குப் பக்கத்தில் நோட்டில் எழுதுகிறேன்.

மூன்று தலையணை இரண்டாகியிருக்கிறது. மாத்திரையா, உப்பைக் குறைத்ததா, பட்டையா என்று டாக்டரைக் கேட்டால் மூன்றையும் சொல்கிறார். பட்டையை மட்டும் நிறுத்திப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.