பழைய மடிக்கணினி பேட்டரி: மாற்றுவதா, மிச்சம் பிடிப்பதா?

பழைய மடிக்கணினியில் சார்ஜ் நிற்கவில்லை என்றதும் ஒருவர் புதுப் பேட்டரி வாங்கச் சொல்வார், இன்னொருவர் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறச் சொல்வார், மற்றொருவர் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் போடச் சொல்வார். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் நம் கணினிக்கு எது பொருந்தும் என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. பேட்டரியில் எத்தனை வாட்-மணி மின்சாரம் நிற்கிறது, கணினி எத்தனை வாட் இழுக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுத்துக் கிடைப்பதுதான் நமக்குக் கிடைக்கும் நேரம்.

விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளை தரும் பேட்டரி அறிக்கையிலும், லினக்ஸில் யுபவர் (upower) என்ற கருவியிலும், பேட்டரி தயாரானபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். 11.1 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பேட்டரி புதிதில் ஏறத்தாழ 48 வாட்-மணி கொள்ளும். அது இப்போது 22 வாட்-மணியாகத் தேய்ந்திருக்கிறது, கணினி 11 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2 மணி நேரம் வரும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, தேவையற்ற உலாவித் தாவல்களை மூடி, பேட்டரி சேவர் என்ற மின்சிக்கன வசதியைப் போட்டு 8 வாட்டுக்கு இறக்கினால் 2 மணி 45 நிமிடம். அமைப்புகளைத் தொடாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் ஏறக்குறைய 4 மணி 20 நிமிடம். இரண்டையும் செய்தால் 6 மணி நேரம். ஆகவே கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விட்ட கணினியில் சிக்கனம் எவ்வளவு செய்தாலும் புதுப் பேட்டரிக்கு ஈடாகாது என்பதும், முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் செலவில்லாத சிக்கனத்தையே முதலில் முயல வேண்டும் என்பதும் என் கருத்து.

மாற்றும் வழியிலும் சிக்கல்கள் உண்டு. லித்தியம்-அயான் பேட்டரி பயன்படுத்தாமல் கிடந்தாலும் மூப்படையும் என்பதால், பழைய மாடலுக்கென்று பல ஆண்டுகள் கிடங்கில் இருந்த ‘புதிய’ பேட்டரி அரைகுறையாகத்தான் உழைக்கும். தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பெயர் தெரியாத தயாரிப்புகளில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. மாட்டியதும் அதே பேட்டரி அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்து, எண் கூடியதாகத் தெரிந்தாலும் ஒருமுறை பேட்டரியிலேயே ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டால் ஓரிரு வாட் மிச்சமாகலாம். ஆயினும் அது தரும் பெரிய பலன் வேகமே. பேட்டரிக்காக மட்டும் அதை வாங்குவது வீண். இயங்குதளத்தை மாற்றுவதும் பலர் நினைக்கும் அளவுக்குக் கைகொடுப்பதில்லை. இலகுவான லினக்ஸ் நினைவகத்தைக் குறைவாக எடுத்துக்கொள்ளும், ஆனால் மின்சாரத்தைத் தின்பது பெரும்பாலும் திரையும் உலாவியும்தான். அவை அங்கேயும் அவையே. காணொளியைப் பிரித்துக் காட்டும் வேலை கிராபிக்ஸ் சிப்புக்குப் போகாமல் மையச் செயலியின் (சிபியு) தலையில் விழுந்தால் முன்பைவிடச் சீக்கிரமாகவே சார்ஜ் இறங்கும். டிஎல்பி (TLP) போன்ற மின்சிக்கனக் கருவியை நிறுவி, காணொளி ஓடும்போது சிபியுவின் பளுவையும் கவனித்த பிறகே லினக்ஸுக்கு மதிப்பெண் போட வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் மாற எண்ணுவோரின் காரணம் வேறு, அது நியாயமானதும்கூட.

பவர் பேங்க் கணினியைத் திறக்கவே வேண்டாத வழிதான். ஆனால் உருண்டை முள் சார்ஜர் கொண்ட பல பழைய கணினிகள் ஏறத்தாழ 19 வோல்ட் கேட்கும். சாதாரண போன் பவர் பேங்க் அதைத் தராது.

முழுதாக வடித்து ஏற்றினால் பேட்டரி மீண்டும் உயிர்பெறும் என்ற நம்பிக்கை நிக்கல்-காட்மியம் காலத்து எச்சம். லித்தியத்தில் அது சதவீதக் கணக்கை மட்டுமே சரிசெய்யும், இழந்த கொள்ளளவைத் தராது. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியும் அப்படியே: புதுப் பேட்டரி தேய்வதைத் தாமதப்படுத்தும், தேய்ந்ததை மீட்காது.

டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் போனாலோ, அடிமூடி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. அப்போது மேற்சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி, குத்தாமல் அழுத்தாமல் அதைக் கழற்றச் செய்து, மின்கழிவு சேகரிப்பில் சேர்த்துவிட வேண்டும்.